தொட்டியில் ஊற்றிய புண்ணியம்

எறும்பு வரிசையைக் கண்டால் ஒதுங்கி நின்று வழிவிடுகிற வம்சத்தில் பிறந்தவன் நான். விளக்கில் பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம். அப்படிப்பட்ட குடும்பத்தில், எனக்குத் தெரிந்து நாலு தலைமுறையில், ஒரு தொட்டி நிறைய உயிரைக் கொன்றவன் நான் ஒருவன்தான். அதையும் கோபத்திலோ பசியிலோ செய்யவில்லை. புண்ணியம் சேர்க்கிறேன் என்று பத்து மைல் சைக்கிள் மிதித்துப் போய்ச் செய்தேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சயின்ஸ் வாத்தியார். வயது இருபத்தைந்து. பார்வையில் ஒரு குறையும் இல்லாமல் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன் (படித்தவன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?). விலங்கியல் படித்தால் தவளையை அறுக்க வேண்டும் என்பதால் காலேஜில் தாவரவியல் எடுத்தவன். செடிக்கும் உயிர் உண்டு என்பது எங்கள் ஜைன மதத்தில் அரிச்சுவடிப் பாடம். ஆனாலும் செடி கால் உதறாது அல்லவா, அதனால் மனசாட்சியோடு ஒரு சமரசம் செய்துகொண்டிருந்தேன். ஆக, மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது தண்ணீரில் இருக்கும் என்பது வரைக்கும்தான்.

அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் பத்மா. தளவானூர் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் அப்பா ஆதிராஜ நயினாருக்கு நிலக்கடலை வியாபாரம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏரி வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும்போது, ஊர்க்காரர்கள் கூடையோடு இறங்குவதற்கு முன்னால் இவர் குடத்தோடு இறங்கிவிடுவார். அகப்பட்ட மீன்களைக் கொண்டுவந்து தன் கிணற்றடிச் சிமெண்டுத் தொட்டியில் விட்டு வளர்ப்பார். மழை பெய்து ஏரி நிறைந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டதால் தை வந்தும் மீன்கள் தொட்டியிலேயே இருந்தன. ஊரில் பாதிப் பேர் அவரைக் கும்பிட்டார்கள். மீதிப் பேர், அடுப்புக்குப் போக வேண்டிய குழம்பைக் கெடுக்கிறார் என்று திட்டினார்கள்.

எங்கள் ஹெட்மாஸ்டருக்கு அந்த வருஷம் சயின்ஸ் ரூமில் கண்ணாடி மீன்தொட்டி வைக்கவேண்டும் என்று ஆசை வந்தது. தொட்டி வந்துவிட்டது, மீன் இல்லை. நான் மார்தட்டிக்கொண்டு என் வருங்கால மாமனாரிடம் போய்க் கேட்டேன். அவர் பத்துக் கெண்டைக் குஞ்சுகளைப் பொறுக்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. இரண்டு குடம் தொட்டித் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தார்.

"தண்ணி மாறுனா அதுங்களுக்கு ஆவாது மாப்ள. பொறந்த எடத்துத் தண்ணியிலயே வையிங்க" என்றார்.

இரண்டு குடம் தண்ணீரோடு பஸ் ஏறியவனைக் கண்டக்டர் பார்த்த பார்வையை இங்கே எழுத இடம் போதாது.

கெண்டைக் குஞ்சுகள் நன்றாகத்தான் இருந்தன. ஹெட்மாஸ்டருக்குத்தான் திருப்தி இல்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, மதராஸ் போனபோது நாலு சிவப்பு மீன் வாங்கிவந்து அதே தொட்டியில் விட்டார். அதில் ஒன்றின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தது. "இது தனி ஜாதிய்யா. அபூர்வம்" என்றார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஆமாம் சார், அபூர்வம்" என்றேன்.

ஒரு வாரத்தில் தொட்டியில் இருந்த பதினாலு மீனும் அபூர்வ ஜாதியாகிவிட்டன. உடம்பெல்லாம் உப்புத் தூவினாற்போலப் புள்ளி. கூழாங்கல்லில் போய்ப் போய் உடம்பைத் தேய்த்தன. காலையில் வந்து பார்த்தால் இரண்டு மூன்று மல்லாந்து மிதந்தன.

லேப் அட்டெண்டர் கோவிந்தன் குனிந்து பார்த்தார். நாற்பது வயதுக்காரர். சின்ன வயதில் ஏரியில் மீன் பிடித்து வளர்ந்தவர்.

"சார், இது ஒட்டுற நோவு. கல்லுப்பைப் போடுங்க, நின்னுபூடும்."

"உப்புப் போட்டா தண்ணியில இருக்கற சின்னச் சின்ன உயிரெல்லாம் செத்துடாதா கோவிந்தன்?"

"அதுங்க சாவறதுக்குத்தான சார் போடறதே?"

நான் ஒரு புன்னகை செய்தேன். கருணையுள்ளவர்கள் மற்றவர்களைப் பார்த்துச் செய்யும் புன்னகை அது. மீனைத் தின்கிறவருக்கு மீனைக் காப்பாற்றும் வழி எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நான் நிஜமாகவே நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

உப்பு வேண்டாம், தண்ணீரை மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நாங்கள் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். அதோடு வேலை முடியாது. வடிகட்டிய துணியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தங்கியிருக்கும். அவற்றைக் கண்ட இடத்தில் உதறக் கூடாது. துணியை அலசி, அந்தத் தண்ணீரை எந்தக் கிணற்றில் எடுத்தோமோ அதே கிணற்றில் திரும்ப விடவேண்டும். அவை பிறந்த இடத்திலேயே பிழைத்துப் போகட்டும் என்பதுதான் கணக்கு.

பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீரை மடித்த வேட்டியில் வடிகட்டினேன். அடியில் படிந்திருந்த சேற்றையும் விடவில்லை. துணியை அலசி ஒரு பித்தளைச் சொம்பில் பிடித்தேன். இந்தத் தண்ணீர் பிறந்த இடம் எது? மாமனார் வீட்டுத் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில், சொம்பின் வாயைத் துணியால் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு, ராஜகிரிக் கோட்டை மலையைப் பின்னால் விட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் பத்து மைல் மிதித்தேன். (அந்த வாரம் எட்டாம் வகுப்புக்கு நான் நடத்திக்கொண்டிருந்த பாடம்: நோய் பரவும் விதம். காற்று, நீர், உணவு என்று போர்டில் எழுதிப்போட்டு, பையன்களை இரண்டு முறை எழுதிவரச் சொல்லியிருந்தேன்.)

கிணற்றடியில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மாமனார் கண் கலங்கிவிட்டது.

"இந்தச் சின்ன உயிருங்களுக்காவ இம்மாந்தூரம் வந்தீங்களா மாப்ள? எம் பொண்ணு குடுத்து வச்சவ" என்றார்.

அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு, சொம்பைத் தொட்டியில் மெதுவாகக் கவிழ்த்தேன். உள்ளே நூறு மீன் இருக்கும். கதவோரம் நின்றிருந்த பத்மா என்னைப் பார்க்கவில்லை. சொம்பைத்தான் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகச் செஞ்சிக்குத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கார்டு வந்தது. மாமனார் எழுதியிருந்தார். தொட்டியில் மீன்கள் கல்லில் உரசுகின்றன, உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல இருக்கிறது, தினம் நாலைந்து போகின்றன, மாப்பிள்ளை படித்தவராயிற்றே, ஒரு நடை வந்து பார்க்கவேண்டும். லேபில் நின்றபடியே படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோவிந்தன் என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"சொம்புல எடுத்துனு போனீங்களே சார்" என்றார்.

அப்போதுதான் பள்ளிக்கூடத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். மிச்சமிருந்த ஐந்து மீனும் புள்ளியில்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. என் புதுத்தண்ணீர் மகிமை என்று நான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். "திங்கக்கிழமையே ரெண்டு கை உப்புப் போட்டுட்டேன் சார். கோச்சிக்காதீங்க" என்றார் கோவிந்தன்.

லைப்ரரியில் மீன் வளர்ப்பு பற்றிக் கறையான் பாதி தின்ற ஒரு புத்தகம் இருந்தது. கறையான் விட்டுவைத்த பக்கங்களில் எல்லாம் போட்டிருந்தது. மீன்மேல் இருக்கும் புள்ளி ஒரு கிருமி. முற்றியதும் உதிர்ந்து அடிச்சேற்றில் ஒட்டிக்கொள்ளும். அங்கே பலவாகப் பெருகி வேறு மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளில் மீன் கிடைக்காவிட்டால் தானே செத்துவிடும். அதாவது, நான் சேற்றோடு சேர்த்து அலசி, வாயைக் கட்டி, பக்தியோடு எடுத்துப்போனது நோயின் விதையை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

அன்று சாயங்காலமே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று ராஜகிரி தாண்டும்போது முடிவு செய்தேன். பாதி வழியில் அது கொஞ்சம் தளர்ந்தது. கிணற்றடிக்குப் போய், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்ததும் சுத்தமாகப் போய்விட்டது. தொட்டியில் பாதிதான் மிச்சம். அவர் முகம் வாடியிருந்தது.

"எம் பாவம்தான் மாப்ள. ஏரியில இருந்ததைத் தூக்கியாந்து தொட்டியில அடைச்சேன் இல்ல? அதுங்க சாவறது நிக்கற வரைக்கும் எனக்கு ஒருவேளைச் சோறுதான்."

"பருவம் சரியில்ல மாமா. பனி ஜாஸ்தி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பின்னால் நின்ற பத்மா, யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி சொன்னாள். "இவுரு வந்து ஊத்துனதுக்கு அப்புறந்தான் இப்பிடி ஆச்சு."

"சும்மா இரு. நல்லது செஞ்சவரை இன்னா பேசற நீ?" என்று மாமனார் அதட்டினார். நான் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். இப்போது சொன்னால் பெண் கிடைக்காது என்கிற பயம் ஒருபக்கம். அதைவிட, அந்த மனிதர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்கிற பயம். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

வைத்தியம் மட்டும் சொன்னேன். உப்பு என்றதும் அவர் கையை உயர்த்தினார். "வேணாம் மாப்ள. அந்தக் கிருமியும் உயிருதான்." அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது, மீன்களைத் தினம் ஒரு புதுத் தண்ணீருக்கு மாற்றினால் போதும், கிருமிக்கு மீன் அகப்படாது என்றேன்.

"அப்ப அதுங்க பட்டினியில சாவுமே?"

"அது அதுங்க விதி மாமா" என்றேன். பத்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நம்ம கையால கொல்லல" என்று ஒப்புக்கொண்டார். சிரிப்பாக இருந்தாலும், யாரும் யோசிக்காத ஒன்றுக்காக அவர் அவ்வளவு நேரம் யோசித்தாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. என்மேல் அதே அளவு குறைந்தது.

தினம் புதுத் தண்ணீர் என்றால் அதற்குப் பெரிய பாத்திரங்கள் வேண்டுமே? வீட்டில் இருந்தன. கல்யாணச் சமையலுக்காக அந்த ஊர் ஜைனக் கோயிலான ஜினாலயத்திலிருந்து பொதுப் பாத்திரங்கள், புதிதாக ஈயம் பூசி, முந்தாநாள்தான் வந்து இறங்கியிருந்தன. ஆறு அண்டா, நாலு தவலை. "உயிரைக் காப்பாத்தறதுக்குத் தானே" என்றார் மாமனார். மூன்று அண்டாவில் மீன், மறுநாள் அடுத்த மூன்று, பழைய அண்டாக்களைக் கழுவி வெயிலில் காயவைப்பது என்று நாங்களே கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினோம். நான் பள்ளிக்கூடம் விட்டதும் தினம் வந்துவிடுவேன். மூன்றாம் நாள் சாவு குறைந்தது. ஆனால் தினம் ஒன்றிரண்டு போய்க்கொண்டுதான் இருந்தன. மாமனார் நான்காம் நாள் அந்த ஒருவேளைச் சோற்றையும் விட்டுவிட்டார். வெறும் வெந்நீர்.

ஆறாம் நாள் சாயங்காலம் என் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். முகூர்த்தப் புடவை, தட்டு, என் பெரியப்பா, இரண்டு அத்தைகள் என்று ஒரு வண்டி நிறைய ஆட்கள். என் நைனா ரயில்வேயில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் திறந்து பார்த்து டிக் போடாமல் நம்பமாட்டார். சமையல் ஏற்பாடு எப்படி என்று கூடத்தில் வரிசையாக மூடிவைத்திருந்த அண்டாக்களில் முதலாவதின் தட்டைத் தூக்கினார்.

உள்ளேயிருந்து ஒரு கெண்டை துள்ளி அவர் ஜிப்பாவில் வந்து விழுந்தது.

பூண்டு வாடைகூடப் பட்டறியாத எங்கள் அத்தைகள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அடுத்த அண்டாவைத் திறந்தார்கள். மீன். அதற்கடுத்ததும் மீன். பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கோயில் பாத்திரம் சம்மந்தி! நூறு வருசமா ஜைனச் சோறு மட்டும் வெந்த பாத்திரம்! இதுல மீனை உட்டு வச்சிருக்கீங்களே, எங்க சாதிசனம் எதுல சாப்பிடும்? உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று நைனா கத்தினார். "டேய் தரணி, ஏறுடா வண்டியில. இந்தச் சம்மந்தமே வேணாம்."

நான் எதற்கு அங்கே, அதுவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் மீனோடு நிற்கிறேன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாமனார் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் சோறில்லாத உடம்பு. கையைக் கூப்பிக்கொண்டு, "தப்பு என்னுதுதான் சம்மந்தி. என் பாவத்துக்கு எம் பொண்ணைத் தண்டிக்காதீங்க" என்றார்.

அதைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. கையிலிருந்த மீனை அண்டாவில் விட்டேன்.

"அவருது இல்ல நைனா. என்னுது. நோவு எங்க பள்ளிக்கூடத் தொட்டியில வந்தது. நான்தான் சொம்புல எடுத்துனு வந்து இங்க ஊத்துனேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்மாஸ்டரின் அபூர்வ மீன், வடிகட்டின வேட்டி, கறையான் தின்ற புத்தகம், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. தெருவில் நின்ற யாரோ சிரித்தார்கள். நைனா வாயைத் திறந்தவர் மூடவில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சு ஊத்துனீங்களா மாப்ள?"

"இல்ல மாமா. சத்தியமா தெரியாது."

"எப்ப தெரிஞ்சுது?"

"உங்க கார்டு வந்தன்னிக்கு."

"அதுக்கு எத்தினி நாளாச்சு?"

"ஆறு நாள்."

அவர் தலையை ஆட்டினார். "ஊத்துனது உங்க பாவம் இல்ல மாப்ள. அந்த ஆறு நாளுதான்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்போது கதவோரமிருந்து பத்மா வெளியே வந்தாள். அத்தனை ஆண்கள் கூடியிருந்த இடத்தில் கல்யாணப் பெண் வந்து பேசியது அந்த ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"எனக்கு மொதல்லயே தெரியும் நைனா. சொம்புல சேறு இருந்ததைப் பாத்தேன். இவரே சொல்றாரா இல்லியான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள் தன் அப்பாவிடம்.

"சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டது என் பெரியப்பாதான்.

"மூணு நாள் இருந்துச்சு இல்ல கல்யாணத்துக்கு? நான் சொல்லியிருப்பேன்" என்றாள். எதைச் சொல்லியிருப்பாள் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மாமனார் மெல்ல எழுந்தார். "பொழுது போவுது. பத்மா, கஞ்சி இருந்தா கொண்டா" என்றார். அவ்வளவுதான், சண்டை அப்படியே நின்றுபோனது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுதாக இறங்கிவிட்டால் விடியும்வரை அவர் ஒன்றும் தொடமாட்டார். அண்டாவெல்லாம் மீனாயிருக்க, சின்னச் சட்டியில் கஞ்சியைச் சுடவைக்க ஒரு அத்தை ஓடினாள். ஆற்றுவதற்கு விசிறியோடு இன்னொரு அத்தை. என் நைனா, ஜிப்பாவில் மீன் ஈரத்தோடு, வாசலில் நின்று "இன்னும் அரை வட்டம் இருக்குது, இன்னும் கால் வட்டம் இருக்குது" என்று சூரியனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கடைசி வாய்க் கஞ்சி உள்ளே போனதும் தெருவே மூச்சு விட்டது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. விழுப்புரத்திலிருந்து வேறு பாத்திரங்கள் வந்தன. அப்படியும் பெரியப்பா பந்தியில் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார். கோயில் அண்டாக்களை உருக்கிப் புதிதாக வார்க்கும்வரை அந்த ஊரில் யாரும் அதில் சமைக்கவில்லை. முப்பத்தோரு மீன் பிழைத்தது. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தபோது நானும் பத்மாவும் போய் விட்டுவந்தோம். மாமனார் எங்களோடு கரையில் நின்றார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஆனால் எனக்கு அந்த ஆறு நாள் மறக்கவில்லை. ஒரு தப்பைச் செய்துவிட்டு அதை யாரிடமாவது சொல்லவேண்டி வரும்போதெல்லாம், எத்தனை நாள் ஆயிற்று என்று தன்னால் எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள்வரை எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். "அன்னிக்கு அண்டாவை மாத்துனதோட போச்சு. தாத்தா வாயைத் தொறக்காம இருந்திருந்தா மாப்ளயையே மாத்தியிருப்பாங்க" என்பது என் மனைவி சொல்லும் முடிவுரை. சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். மிளகு ரசம் வைத்து, தூக்கில் ஊற்றி, மூடிக்கொண்டு கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது பத்மா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இருங்க. நீங்க நல்லது செய்ய வர்றீங்கன்னு அவுங்களுக்கு மொதல்ல ஒரு வார்த்தை சொல்லிட்றேன்."

கேலி பண்ணுகிறாள் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவள் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள்.